இத்தாலிக்கு ஒரு கையெழுத்து

“ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இவ்வளவு யோசனையா மேடம்? உங்க சொத்தையா எழுதித் தரச் சொல்றேன்?”

ஹிலாரியோ மேசையைத் தட்டிய தட்டில் மிஸ் ஓடெலின் காப்பிக் கோப்பை ஒரு குதி குதித்தது.

டெக்சாஸில் பழைய டயர் கடை வைத்திருப்பவர் ஹிலாரியோ. ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். மகள் யெசெனியா பதினோராம் வகுப்பு. ஜனவரியிலிருந்து மே வரை இத்தாலியில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே படிப்பதை இங்கே ஏற்றுக்கொள்கிறோம் என்று பள்ளி ஆலோசகர் மிஸ் ஓடெல் கையெழுத்துப் போட வேண்டும். இன்று சாயங்காலம் கடைசி. மூன்று வாரமாக இழுத்தடிக்கிறார்.

பக்கத்து நாற்காலியில் மிஸஸ் பெரின், பெற்றோர் சங்கத் தலைவி. இத்தாலி என்ற பேச்சையே எடுத்தது அவர்தான். விண்ணப்பம் எழுதியதும் அவரே. விமானச் செலவில் பாதியும் அவருடையது.

“சார், உங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் தனியாப் பேசலாமா?” என்றார் மிஸ் ஓடெல்.

“எதுக்குத் தனியா? சொந்தக்காரனே திரும்பிப் பாக்காத காலத்துல என் பொண்ணுக்காக நாயா அலையறாங்க இவங்க. எதுவா இருந்தாலும் இவங்க முன்னாலயே சொல்லுங்க.”

மிஸ் ஓடெல் மிஸஸ் பெரினை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கால அட்டவணையைப் பார்த்தார்.

“ஏப்ரல்ல மாநில வரலாற்றுப் பரீட்சை. அப்ப யெசெனியா இங்க இருக்க மாட்டாளே.”

“டிசம்பர்லயும் அதே பரீட்சை இருக்கு. விசாரிச்சுட்டேன்,” என்றார் மிஸஸ் பெரின்.

“இயற்பியல் ஆய்வக வகுப்பு?”

“கோடை விடுமுறையில முடிச்சுடுவா. அதுக்கும் பேர் குடுத்தாச்சு.”

“உடற்பயிற்சி அரை வருஷம் பாக்கி...”

ஹிலாரியோவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“ஆகஸ்ட் வெயில்ல, வயித்துல அவ்வளவு பெரிய ட்ரம்மைக் கட்டிக்கிட்டு, உங்க பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்துக்காக மைதானத்தைச் சுத்திச் சுத்தி வந்தாளே, அது என்ன உல்லாசப் பயணமா? பேண்டுல நடந்தா உடற்பயிற்சிக்குச் சரின்னு உங்க விதியிலயே இருக்கு!”

“இருக்கு...”

“அப்புறம் என்ன?”

“கணக்குப் பாடத்துல ஒரு...”

“நிறுத்துங்க மேடம். என் கடைக்கு ஒருத்தன் வருவான். டயர்ல வெடிப்புங்கிறான். காத்து நிக்காதுங்கிறான். கடைசியில, கறுப்பு கொஞ்சம் கம்மிங்கிறான். வாங்கற எண்ணமே இல்லாதவன்தான் இப்படி ஒண்ணொண்ணாச் சொல்லுவான். டயர்க்காரன் பொண்ணு இத்தாலி போறது உங்களுக்குப் பொறுக்கல. அதானே?”

மிஸ் ஓடெலின் முகம் சிவந்துவிட்டது.

“தனியா அஞ்சே நிமிஷம், சார்.”

“முடியாது!”

மிஸஸ் பெரினின் செல்போன் அடித்தது. “என் பொண்ணு. இதோ வந்துடறேன். விடாதீங்க சார், கையெழுத்து வாங்காம எந்திரிக்காதீங்க!” என்று வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் மிஸ் ஓடெல் கணினித் திரையை ஹிலாரியோ பக்கம் திருப்பினார்.

“இது உங்க பொண்ணோட மார்க். அடுத்தவங்க இருக்கறப்போ காட்ட முடியாது. பதினோராம் வகுப்புல மொத்தம் இருநூத்திப் பத்துப் பேர். யெசெனியாதான் முதல் ரேங்க்.”

“என்ன? அவ சொல்லவே இல்லையே!”

“அவரவர் ரேங்க்கை அவரவர் வந்து கேட்டாத்தான் சொல்லுவோம். இவ கேட்டதே இல்ல. இத்தாலிப் பள்ளிக்கூடம் ‘தேர்ச்சி’ன்னு மட்டும் எழுதி அனுப்பும். இங்க கஷ்டமான பாடத்துக்குக் கிடைக்கிற கூடுதல் புள்ளி ஒண்ணும் வராது. ரெண்டாவது இடத்துக்கு இறங்கிடுவா.”

“ஒரு படிதானே? போனாப் போகுது.”

“முதல் ரேங்க்ல முடிக்கிற பிள்ளைக்குத்தான் பட்டமளிப்பு மேடையில பேச்சு. அரசுக் கல்லூரியில முதல் வருஷம் ஃபீஸும் கிடையாது. ரெண்டாவது பிள்ளைக்கு வெறும் கைதட்டல்தான்.”

ஹிலாரியோ நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

மிஸ் ஓடெல் இன்னொரு தாளை நகர்த்தினார். “இதுவும் இத்தாலிதான். ஜூன், ஜூலை. மார்க்கைத் தொடாது. உதவித்தொகைக்கும் எழுதியிருந்தேன், காலையிலதான் கிடைச்சுது. நீங்க வந்து கத்தின மூணு வாரமும் இதுக்குத்தான் அலைஞ்சேன்.”

ஹிலாரியோ அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

“யெசெனியா இறங்கினா... அந்த முதல் இடத்துக்கு யார் வருவாங்க மேடம்?”

“அடுத்த பிள்ளையோட ரேங்க்கை நான் வாய் திறந்து சொல்லக்கூடாது, சார். விதி.”

சரியாகச் சாத்தாத கதவுக்கு வெளியே மிஸஸ் பெரின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“கவலைப்படாதடி கண்ணு, ஜனவரியில அவ கிளம்பிடுவா. நீ மேடைப் பேச்சை இப்பவே எழுத ஆரம்பி.”