பேன் படித்த இங்கிலீஷ்

மலையடிவாரத்து முடிக்கொட்டகையில் வேண்டுதல் மொட்டை நடந்துகொண்டிருந்தது. பெண்சாதியோடு வந்திருந்த ஒருவர் தலையில் கத்தி பட்டதும், அங்கே குடியிருந்த சடையன் என்ற பேன் அலறியடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்சாதி தலைக்குத் தாவினான். அந்தம்மாள் இங்கிலீஷ் டீச்சர்.

“உள்ளே வராதே, ஓவர்கிரவுடட்!” என்று மறித்தாள் அந்தத் தலையின் பழைய பேன் ஈராயி.

“அப்படின்னா என்னக்கா?”

“எள்ளுப் போட்டா எள்ளு விழாதுன்னு அர்த்தம்.”

“ஒரு ஓரமா ஒண்டிக்கிறேன்க்கா” என்று காலைப் பிடித்தான். அவளும் மனமிரங்கிக் காதோரம் இடம் விட்டாள். போய்ப் பார்த்தால் கூந்தலில் பாதி காலியாகக் கிடந்தது. சடையன் காலை நீட்டிப் படுத்தான்.

அதற்குள் அவன் சொந்தத் தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். “அண்ணே, என்னையும் ஏத்திக்கோ!”

“ஓவர்கிரவுடட்டுப்பா” என்றான் சடையன். வார்த்தை வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது.

தம்பி வேறு வழியில்லாமல், கத்தி பிடித்திருந்த நாவிதரின் கையைப் பிடித்து அவர் தலைக்கே ஏறிக்கொண்டான்.

“அடுத்து யாரு?” என்றார் அவர். டீச்சரம்மாள் கொண்டையை அவிழ்த்தபடி வந்து உட்கார்ந்தாள்.

“தம்பீ!” என்று கத்தினான் சடையன்.

மேலேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். “அண்ணே, சித்த முன்னாடி ஏதோ இங்கிலீஷ்ல சொன்னியே, அது என்ன?”