விழுவதற்கென்று ஒரு சேவியர்

உலகத்திலேயே சராசரியான கால்பந்துத் தடுப்பாட்டக்காரன் யார் என்று ஒரு ரோபோ கம்பெனிக்காரர்கள் கணினியைத் தேடவிட்டார்கள். அது வியாசர்பாடி சேவியரை, அதாவது என்னை, கண்டுபிடித்தது. கோவாவில் பெஞ்சைத் தேய்த்தேன், மலேசிய மழையில் வழுக்கினேன், போலந்துக் குளிரில் விறைத்தேன். அந்தத் தடுமாற்றமெல்லாம் இப்போது ஒரு பயிற்சி ரோபோவாகி, ஊர் ஊராகப் பிள்ளைகளிடம் ஏமாந்து விழுகிறது. விழும்போது என் குரலிலேயே "ஐயோம்மா" என்று கத்துகிறது. ஆடிய காலத்தில் எனக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை.

நேற்று என் மகள் ஜெனிட்டாவுக்கு மாநில அணித் தேர்வு. ரோபோவைத் தாண்டிக் கோல் அடித்தால் இடம் உறுதி. அவள் இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் பாய்ந்தாள். ரோபோ வழக்கம்போல் நம்பி, "ஐயோம்மா" என்று குப்புற விழுந்தது. எதிரே கோல் காலியாக இருந்தது. ஜெனிட்டா பந்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து ரோபோவுக்குக் கை கொடுத்தாள். விசில் ஊதிவிட்டார்கள். இடம் போய்விட்டது.

"அது மெஷினுடி! எதுக்குத் திரும்புன?"

"உன்ன மாதிரியே கத்துச்சேப்பா."

எத்தனையோ நாட்டில் விழுந்திருக்கிறேன். என்னைத் தூக்கிவிட ஒரு ஆள் ஓடிவந்தது இதுதான் முதல் தடவை. நேற்றைக்குப் பார்த்து நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன்.