மூன்று சளி டப்பாக்கள்

2018 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. தோகா தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளர் கேம்ப். போன மாதம் காசநோய் கண்டவர் தங்கியிருந்த அறையில், மிச்சமிருந்த மூன்று பேருக்கும் பரிசோதனைக்காக ஆளுக்கொரு சளி டப்பா கொடுக்கப்பட்டது.

மறுநாள் விடியற்காலை. குழாயடியில் அந்த மூவரில் ஒருவன் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காறினான்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பும் காறல். தினமும் பல் விளக்கும்போது அந்தச் சத்தம் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடிந்ததில்லை.

"மெதுவாடா மாப்ள. பக்கத்து பிளாக்ல நேபாளிக்காரன் எந்திரிச்சு வேலைக்குக் கிளம்பிறப் போறான்" என்றான் செவத்தியான்.

காறியவனின் டப்பாவில் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. செவத்தியானுக்கு வெறும் எச்சில்தான் வந்தது. எச்சில் ஆகாது, நெஞ்சுச் சளிதான் வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாமவன் காசிலிங்கம் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பத்து நாளாக இருமுகிறான். கேட்டால் சிமெண்ட் தூசி என்பான். கிருமி இருந்தால் நேராக ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. காசிலிங்கம் வந்தே நாலு மாதம்தான். பரமக்குடியில் அவன் வீடு கூரை இல்லாமல் சுவராக நிற்கிறது.

"இதுக்கா ரெண்டு பேரும் இப்புடி முழிக்கிறீங்க? கொண்டாங்கடா" என்று அவர்கள் டப்பாக்களையும் வாங்கிக்கொண்டான் அவன்.

இரண்டு மூட்டை சிமெண்ட்டை ஒன்றாகத் தோளில் ஏற்றி மாடி ஏறுகிறவன். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. தன் நெஞ்சைப் பற்றி அவனுக்கு ஐயமே கிடையாது.

காறினான்.

மறுபடியும்.

மூன்று டப்பாக்களும் மூடப்பட்டன. மூன்றின் மேலும் மூன்று பெயர்கள்.

காசிலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ நல்லாருப்ப பங்காளி."

சனிக்கிழமை மூவரையும் கேம்ப் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நர்ஸ் நாகர்கோவில் பக்கம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"மூணு பேருக்கும் கிருமி உண்டு. பயப்படாண்டாம், மருந்து சாப்பிட்டா மாறும்."

காசிலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பரிசோதனை மெஷினில் கோளாறு என்றுதான் துப்பிக் கொடுத்தவன் முதலில் நினைத்தான். சொல்வதற்கு வாய்கூடத் திறந்தான்.

செவத்தியான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான்.

மூன்று டப்பா.

ஒரே நெஞ்சு.

வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார்கள். காசிலிங்கம் தரையைவிட்டு எழவில்லை.

அவன் காசிலிங்கத்தைத் தாண்டி மேசையருகே போனான்.

"சிஸ்டர், மூணும் என்னுது. நாந்தேன் மூணுலயும் துப்பிக் குடுத்தேன்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"புத்தி உண்டா உங்களுக்கெல்லாம்?"

அவர் இரண்டு புது டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தடவ எனக்க கண்ணு முன்னால எடுக்கணும்."

அவன் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். பின்னிருக்கை முழுவதும் காலியாக இருந்தது. நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த வாரம் மற்ற இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள்.