கள்ளு செய்த வேலை

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. பையிலிருந்து எக்ஸ்ரே படம் மாதிரி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார் என் வீட்டுக்காரர் சூசைநாதன்.

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் சமையலறை வாசலோடு நின்றுகொண்டேன்.

படத்தில் மேலிருந்து கீழ்வரை ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். ஹுத்தான் மெலிந்தாங் ஊர்த் தென்னந்தோப்பிலிருந்து கொண்டுபோன கள்ளாம் அது. அதற்குள் இருக்கிற உயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியுமாம்.

முன்பெல்லாம் கிருமியைத் தட்டில் வளர்த்துத்தான் பார்ப்பார்களாம். வளராதது தப்பித்துக்கொள்ளும். இப்போது, இந்த எண்பத்தொன்பதாம் வருஷத்தில், அந்தக் கவலை இல்லை, எழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம் என்றார். ஜப்பானுக்குப் போய்க் கற்றுவந்த வித்தை. கள்ளுக்குள் ஒரு கூட்டமே குடியிருக்கிறதாம். சர்க்கரையைத் தின்று போதையாக்குவது, புளிக்க வைப்பது, இன்னும் யாரும் பெயரே வைக்காதது என்று சொல்லிக்கொண்டே போனார்.

வார நாளெல்லாம் பினாங்கு ஆய்வுக்கூடத்தில், சனி ஞாயிறு ஈப்போவில் எங்களோடு. அந்த மனிதருக்கு வாழ்க்கையே கள்ளுதான், ஒரு மிடறு குடிக்காமலேயே. கிறிஸ்மஸ் கேக்கில் ரம் ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். குடிக்காத மாப்பிள்ளை குதிரைக் கொம்பு, ஹில்டா கொடுத்துவைத்தவள் என்று லூமுட்டில் என் சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசித்தான் என்னைக் கட்டிவைத்தார்கள். நல்லா கொடுத்துவைத்தேன்.

எல்லாம் அவர் அப்பாவால் வந்தது. மாமனார் அந்தோணிமுத்து ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்தவர். சாயங்காலமானால் கள்ளு வாடை முதலில் வீட்டுக்குள் வருமாம், பின்னாலேயே அவர் வருவாராம், அதற்குப் பின்னால் அடி. மாமியின் முன்பற்கள் இரண்டு அப்படிப் போனவைதான்.

அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மாமி ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்வாராம். அப்பா நல்லவர், எல்லாம் கள்ளு செய்கிற வேலை.

அந்தக் கள்ளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் இவர் இவ்வளவும் படித்தார்.

மகன் தலையெடுத்ததும் மாமி இங்கே வந்துவிட்டார். மாமனார் அங்கேயே கிடந்தார். இப்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடிக்கிறார்கள். மனிதருக்கு ஒண்ட இடமில்லை. இன்று மத்தியானம் இவர் காரை எடுத்துக்கொண்டு போய் அப்பாவைக் கூட்டிவரப் போகிறார். மாமியின் அறையில் இரண்டாவது கட்டிலை நேற்றே போட்டாயிற்று.

மாமியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூசையில் எல்லோரும் எழுந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார். "மாமிக்குப் பயமா இருக்குங்க, வேணாமே" என்று நேற்று ராத்திரி நான்தான் சொல்லிப் பார்த்தேன். அதோடு சரி.

"பாத்தியாம்மா? அப்பா மேல தப்பே இல்ல. எல்லாம் இதுங்க செஞ்சது லா. இப்பதான் கள்ளுக்கடையே இல்லயே, இனிமே உனக்கு என்ன பயம்?"

பாவம்தான். பெற்ற அப்பனை மன்னிக்க அவருக்கு இத்தனை படிப்பு வேண்டியிருந்தது.

மாமி படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"உங்கப்பா கள்ளு குடிக்க மாட்டாரு, சூசை."

இவர் சிரித்துவிட்டார். அம்மா ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருப்பார்.

"குடிகாரன நம்பி எந்தத் தொர கள்ளுக்கடைய ஒப்படைப்பான்? ஊத்துறப்ப சட்டையில தெறிக்கும், அந்த வாடதான் அது. ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. நல்லாத் தெளிஞ்ச புத்தியோடதான் அடிப்பாரு. பெத்த அப்பன நீ வெறுத்துறக் கூடாதேன்னு நான்தான் கள்ளு மேல பழியப் போட்டேன்."

படத்தைப் பிடித்திருந்த கை மெதுவாக இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்குள் கோபம் வந்துவிட்டது.

"பொய் சொல்லாதம்மா! குடிக்காதவன் எவனாச்சும் கட்டுன பொண்டாட்டியப் போட்டு அடிப்பானா?"

மகன் குரலை உயர்த்தினால் மாமி எப்போதும் அடுப்பங்கரைக்குள் வந்துவிடுவார். இன்றைக்கு வரவில்லை. அங்கேயே நின்று மகனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ குடிக்கிறியாப்பா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். மாமி ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அடி விழும்போது சத்தம் வெளியே போகாமல் பல்லைக் கடித்துக்கொள்வேன். கிழவி தூங்கியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மாமியின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது.