ஊத்தாவுக்குள்

ஊத்தாவைச் சேற்றில் அழுத்தியதும் உள்ளே ஏதோ முட்டியது.

மூங்கில் குச்சிகள் அதிர்ந்து அவன் நெஞ்சில் இடித்தன.

விரால். பெரியது. இந்த முழங்கால் தண்ணீரில் இத்தனை நாள் எங்கே கிடந்ததோ.

அவன் மண்டியிட்டான். அடியில்லாத அந்தக் கூடையின் மேல்வாய் வழியாகக் கையை விட்டான். தோள்வரை போனது.

அப்போது இன்னொரு ஊத்தா வந்து விழுந்தது. அவனுடையதை இடித்துச் சாய்த்தது. ஒரு பக்க விளிம்பு சேற்றை விட்டுத் தூக்கிக்கொண்டது. முழங்கையில் தோல் சீவிப் போனது.

நிமிர்ந்து பார்த்தான்.

அண்ணன் சேவுகன்.

சேவுகன் தன் ஊத்தாவை அப்பால் வீசிவிட்டு எதிரில் மண்டியிட்டான். அதே வாய்க்குள் அவனும் கையை விட்டான்.

குட்டையில் ஊரே இறங்கியிருந்தது. மீன்பிடியைத் தொடங்கி வைக்க ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் குழம்பாகிவிட்டது. ஒருவன் கிழிந்த உதட்டோடு மீன் தேடிக்கொண்டிருந்தான். கரையில் பெண்கள் விராலின் மண்டையைக் கல்லில் அடித்துச் சாக்கில் போட்டார்கள்.

ஒரு மீன்மேல் இரண்டு ஊத்தா விழுந்தால் இரண்டு பேரும் உள்ளே கை விடலாம். முதலில் கையை எடுத்தவனுக்கு மீன் இல்லை. ஊர் வழக்கம் அது.

அவன் துழாவினான்.

சேறு. வேர். வழுக்கும் வால் ஒன்று மணிக்கட்டில் அறைந்து போனது.

பிறகு ஒரு கை.

அவன் அதைப் பிடித்தான்.

தான் மீனுக்காக வரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

பங்குனியில் அவன் செவலைப் பசு செத்தது. காலையில் கட்டை அறுத்துக்கொண்டு போய் அண்ணனின் கடலைக் கொல்லையில் வாய் வைத்தது. சாயங்காலம் நுரை தள்ளிக் கொட்டிலில் விழுந்தது. காலை உதைத்து உதைத்து மண்ணில் குழி பறித்தது. அது அடங்கிய பிறகும் வயிற்றில் கன்று அசைந்தது. அவன் அதைக் கை வைத்துப் பார்த்தான்.

பயிருக்குப் போடும் குருணை மருந்து, அந்த விஷம்தான் என்று மாட்டு டாக்டர் சொன்னார். வைத்தது யார் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் அண்ணன் வாயே திறக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் கூடப்பிறந்தவன்மேல் பழி போடாதே என்றார்கள். அவனுடைய சொந்த மனைவியும் அதையே சொன்னாள்.

அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்தான். பின்பக்கமாக மடக்கினான்.

ஒடிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. அவன் கைக்கு மட்டும் கேட்டது.

அண்ணன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கன்னம் மூங்கிலில் அழுந்தியிருந்தது. கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. அவ்வளவுதான்.

கையை எடுக்கவில்லை.

பக்கத்தில் ஊத்தாவை ஊன்றி நின்ற ராக்கு இவர்களைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேருக்கும் கொழுந்தி முறை.

"ஏன் மச்சான், எதிர்ல வந்தாத் துப்பிட்டுப் போவீக. இப்ப என்ன, ஒரே ஊத்தாவுல கட்டிப்புடிச்சுக் கெடக்கீக?"

கொஞ்சம் விட்டால் முத்தமே கொடுத்துக்கொள்வார்கள் என்று கரையில் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் பல்லைக் காட்டினான்.

ஒரு மீனுக்காக விரலைக் கொடுக்கிறான்.

அப்படி நினைத்ததும் அவனுக்கு வெறி ஏறியது. மோதிர விரலைப் பிடித்தான். இந்தமுறை மெதுவாக. வளைத்தான். நிறுத்தினான். முகத்தைப் பார்த்தான். மறுபடி வளைத்தான்.

அண்ணன் மூக்கு நுனியில் வியர்வை திரண்டு ஊத்தாவுக்குள் சொட்டியது. ஒடிந்தபோது உதட்டைக் கடித்துவிட்டான். மோவாயில் ரத்தம் இறங்கியது.

கையை எடுக்கவில்லை.

தூக்கிய விளிம்புக்கு அடியில் தண்ணீர் பிளந்தது. விரால் அவன் தொடையை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. கை நீளம். கறுத்த முதுகு ஒரு கணம் வெயிலில் தெரிந்தது. ராக்கு அலறிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். கூட்டமே ஓடியது.

மடைக்கருகில் யாரோ அதை அமுக்கினார்கள். தடியால் அடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

ஊத்தாவுக்குள் இப்போது சேறு மட்டும்தான்.

மீன் போனதை அண்ணனும் பார்த்தான்.

கை உள்ளேயே இருந்தது.

அவன் பிடியைத் தளர்த்தினான். எடுத்துக்கொண்டு போகட்டும். எழுந்து கரையேறி, நாட்டு வைத்தியனிடம் மீன் முள் குத்தியது என்று பொய் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

அண்ணன் எழவில்லை.

தம்பியின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு ஒரு வார்த்தை பேசாதவன், இப்போது பேசினான். ரத்தத்தை விழுங்கிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"செனைன்னு தெரியாதுடா."

மடைப் பக்கம் யாரோ சீட்டியடித்தார்கள்.

அடுத்த விரலை அவன் தேட வேண்டியிருக்கவில்லை. சேற்றுக்குள் அதுவே வந்து அவன் உள்ளங்கையில் நின்றது.