தூங்கும் மிஷின்

சலூன் கண்ணாடியில் சாயங்கால வெயில் மஞ்சளாய் வழிகிறது. சலூன்காரர் ஒரு கையில் சீப்பும் மறு கையில் போனுமாக நிற்கிறார். கார்டு தேய்த்தவர்களின் பணம் இன்னும் வந்து சேரவில்லை. கடை வாடகைக்கு வைத்திருந்ததிலும் வங்கி கை வைத்துவிட்டது.

"உங்க மிஷின் ராத்திரிதான் அன்னன்னைக்கான கணக்கை அனுப்பும் சார். நீங்க தினமும் அணைச்சு வச்சிடுறீங்க. அதான் பணமும் லேட்டாகுது, அபராதமும் விழுது" என்கிறது போனில் வங்கிக்காரரின் குரல்.

"நானா? நான் அதைத் தொடுறதே இல்லையே!"

அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிறார். கண்ணாடிக்குள், அவர் முதுகுக்குப் பின்னால், முடியைப் பெருக்கி முடித்த மனைவி குனிந்து கார்டு மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்குகிறாள். ஒயரை நீவிச் சுருட்டி, மிஷின் மேல் துண்டைப் போர்த்துகிறாள். சீப்பு கீழே விழுகிறது.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? பாவம், பகல் பூரா உழைக்குது. ராத்திரியாவது தூங்கட்டுமே."