ஏழாம் தொட்டி

வறட்சி ஆய்வுக்கான மற்ற கண்ணாடிச் சோளத் தொட்டிகளில் எல்லாம் வேர் தண்ணீரைத் தேடி அடிமட்டம்வரை இறங்கியிருந்தது. ஏழாம் தொட்டியில் மட்டும் மேல்மண்ணிலேயே சோம்பிக் கிடந்தது. மண்ணிலும் ஈரம். ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபது நாள் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு ஊத்தினது?"

தோட்டக்காரர் தலைகுனிந்தார். "நான்தான் மேடம். வாடிக் கிடந்துச்சு, மனசு கேக்கல."

"புது ரகம் அது ஒண்ணுதான்! ஆறு மாச உழைப்பு போச்சு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புகாரோடு இணைக்க, ஆய்வாளர் கேமராப் பதிவை ஓட்டினாள். போனில் அழுதபடியே, செய்வது இன்னதென்று அறியாமல் ஒரு பெண் தன் பாட்டில் தண்ணீரை ஏழாம் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளல்ல, ஐந்து நாள்.

அது அவளேதான். அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்த வாரம்.

வாசலுக்கு ஓடி அவரை மறித்தாள். "ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"அம்மா போன துக்கத்துலேர்ந்து இப்பதான் தேறி வர்றீங்க. அதை நான் வேற கிளறணுமா?"

அவர் கையிலிருந்த பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்கண்ணே. திரும்ப விதைக்கணும்."